கொன்றை சூடிய பெருமான்: மரத்தின் சிறப்பும் பயனும் வளர்ப்பு முறையும்

தமிழ்நாட்டு மூவேந்தர்களுக்கும் தனித்தனியே அடையாள மாலைகள் இருந்தன. சேரன் பனம்பூவைச் சூடினான். சோழன் ஆத்திப்பூவைச் சூடினான். பாண்டியன் வேப்பம்பூவைச் சூடினான். மாலையைக் கண்ட அளவிலேயே இன்னான் இன்ன குடியினன் என்பதை மக்கள் அறிந்தனர். அவ்வாறே மூவுலகிற்கும் வேந்தனாகிய சிவபெருமானுக்கு உரிய அடையாள மாலை கொன்றை. முடியில் சூடும் கண்ணியும் கொன்றை. மார்பில் அணியும் தாரும் கொன்றை. சடைமுடியும் திருநீறும் பிறைமதியும் போலக் கொன்றையும் பெருமானை அடியார்க்கு அடையாளம் காட்டும் திருச்சின்னமாகும்.

இத்துணைச் சிறப்புடைய மலரைப் பெருமானுக்குச் சாத்த விரும்பும் அன்பர் ஒருவர் திருக்கோயில் வாயிலிலுள்ள பூக்கடையில் கேட்டால், அது கிடைப்பது அரிது. மல்லிகை, அரளி, சாமந்தி முதலியவை ஆண்டு முழுவதும் விலைக்கு வருகின்றன. கொன்றையோ ஆண்டில் சில வாரங்களே நிறையப் பூக்கும். பறித்தபின் விரைவில் வாடும். இதழ்கள் எளிதில் உதிரும். நெடுந்தொலைவு கொண்டு சென்று விற்பதற்கு ஏற்ற பூ அன்று. ஆகவே கொன்றை மலரால் வழிபட விரும்பினால் மரம் அருகில் இருத்தல் வேண்டும். அதனை யாரேனும் நட்டு வளர்த்திருத்தல் வேண்டும். இம்மரத்தைப் பற்றி அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

நூல்களில் கொன்றை

கொன்றைக்குக் கடுக்கை, இதழி என்னும் பெயர்களும் தமிழில் உண்டு. பூங்கொத்துகள் சரம் சரமாகத் தொங்குவதால் சரக்கொன்றை என்று மக்கள் வழங்குவர். வடமொழியில் ஆரக்வதம் என்றும், மரங்களுள் சிறந்தது என்னும் பொருளில் ராஜவிருட்சம் என்றும் கூறுவர். மலையாளத்தில் கணிக்கொன்ன, இந்தியில் அமல்தாஸ், சிங்களத்தில் ஏஹெல.

சங்க இலக்கியத்தில் கொன்றை முல்லை நிலத்திற்கு உரிய மரம். கார்காலம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதன் பூவே அறிகுறி. கார்காலத்தில் மீண்டு வருவதாகச் சொல்லிப் பிரிந்து சென்ற தலைவனை எதிர்நோக்கித் தலைவி காத்திருப்பாள். கொன்றை பூத்துவிட்டால் அவள் உள்ளம் கலங்கும். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், பூத்த கொன்றையைக் கண்டு வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். பருவம் அல்லாத காலத்துப் பெய்த மழையைக் கார்மழை என்று மயங்கிப் பூத்துவிட்ட அறியாமை உடையது இம்மரம் என்பது அவள் கூற்று. அதே நூலின் 148ஆம் பாடல் கொன்றையின் அரும்பைக் குழந்தைகளின் கிண்கிணியில் கோத்த பொற்காசுக்கு ஒப்பிடுகின்றது. கொன்றை அரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இவ்வுவமை எவ்வளவு பொருத்தமானது என்பதை உணர்வர்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் கொன்றையும் ஒன்று. அகநானூற்றுக்கும் புறநானூற்றுக்கும் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனார், இரண்டு பாடல்களிலும் சிவபெருமானின் கொன்றை மாலையைப் போற்றியுள்ளார். தேவாரம் பாடிய மூவரும் பெருமானைக் கொன்றை அணிந்தவன் என்று பல பதிகங்களில் பாடிப் பரவினர். பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் ஓதிய ஔவையாரின் நீதிநூல், கடவுள் வாழ்த்தின் முதற்சொற்களால் கொன்றை வேந்தன் என்று பெயர் பெற்றது. கொன்றை வேந்தன் என்பது கொன்றை மாலை சூடிய சிவபெருமானைக் குறிக்கும்.

ஆனாய நாயனார் கண்ட கொன்றை

கொன்றையின் பெருமையை முழுமையாக உணர்த்துவது ஆனாய நாயனார் வரலாறு. மழநாட்டுத் திருமங்கலம் இவர் பிறந்த ஊர். இவ்வூர் இன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் இலால்குடிக்கு அருகில் உள்ளது. ஆயர் குலத்தில் தோன்றிய இவர் பசுக்களை மேய்த்து வாழ்ந்தார். வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை இசைப்பதே இவர் செய்த தொண்டு.

கார்காலத்தில் ஒருநாள் ஆனிரைகளோடு முல்லைநிலம் சென்றபோது, பூத்துக் குலுங்கி நின்ற கொன்றை மரம் ஒன்றை இவர் கண்டார். பொன்னிற மலர்ச் சரங்கள் நாற்புறமும் தாழ்ந்து தொங்கின. மாலை அணிந்த சிவபெருமானே எதிரில் நிற்பதாக அவர் உள்ளம் உருகிற்று. அங்கேயே நின்று குழலில் ஐந்தெழுத்தை வாசித்தார். அவ்விசையில் பசுக்கள் மேய்ச்சலை மறந்தன. கன்றுகள் பால் குடிப்பதை மறந்தன. தம்முள் பகைகொண்ட விலங்குகளும் பகை மறந்து ஒன்றாக நின்றன. உமையம்மையோடு விடைமேல் எழுந்தருளிய பெருமான், குழல் வாசித்த அந்நிலையிலேயே நாயனாரைத் தம்முடன் அழைத்துக்கொண்டார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளியுள்ளார். ஆனாய நாயனார் குருபூசை கார்த்திகை மாதம் அத்த நட்சத்திரத்தில் நடைபெறுகின்றது.

நாயனார் சென்றது ஆலயத்திற்கு அன்று. மாடு மேய்க்கும் காட்டிற்கு. அங்கே நின்ற ஒரு மரமே அவருக்குச் சந்நிதி ஆயிற்று. பூத்த கொன்றையைக் காணும்போது நமக்கும் இவ்வரலாறு நினைவுக்கு வருமாயின், அதுவே ஒரு வழிபாடாகும்.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் திருத்தளிநாதர் திருக்கோயில், தஞ்சாவூர் மாவட்டம் பந்தநல்லூர் பசுபதீசுவரர் திருக்கோயில் முதலிய தலங்களில் கொன்றை தலமரமாகப் போற்றப்படுகின்றது.

மரத்தின் இயல்பு

கொன்றை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். அவரை, துவரை, பயறு, புளி, வன்னி, புங்கு ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தினவே. சோழர் சூடிய ஆத்தியும் இக்குடும்பத்து மரமே என்பது மகிழ்வூட்டும் செய்தி. தாவரவியலார் கொன்றைக்கு வழங்கும் பெயர் காசியா ஃபிஸ்டுலா என்பது. 1753ஆம் ஆண்டில் லின்னேயசு என்னும் அறிஞர் இப்பெயரை இட்டார். ஃபிஸ்டுலா என்பதற்குக் குழல் என்று பொருள். குழல் போன்ற காயினால் அப்பெயர் அமைந்தது. ஆனாயரின் குழலிசையைப் பெற்ற மரத்திற்கு, அவரை அறியாத வேற்று நாட்டார் ஒருவர் இட்ட பெயரிலும் குழல் அமைந்திருப்பது எண்ணி வியக்கத்தக்கது.

இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் காடுகளில் இது இயல்பாக வளர்கின்றது. நடுத்தர உயரமுடைய மரம். 10 முதல் 15 மீட்டர் வரை வளரும். ஓர் இலைக்காம்பில் 3 முதல் 8 இணைச் சிற்றிலைகள் எதிரெதிரே அமைந்திருக்கும். சிற்றிலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு நீளமுடையது. கோடைத் தொடக்கத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு, சித்திரை, வைகாசி மாதங்களில் மரம் முழுவதும் பொன்மயமாகப் பூக்கும். சில மரங்கள் மழைக்காலத்தில் மீண்டும் ஓரளவு பூப்பதும் உண்டு.

மலருக்கு ஐந்து இதழ்கள். மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றுள் மூன்று மட்டும் மிக நீண்டு வில்போல் வளைந்து மேல்நோக்கி எழும். சைவ மரபில் கொன்றையைப் பிரணவ மலர் என்று போற்றுவர். அன்பர்கள் ஒரு பூவைக் கையிலேந்தி அவ்வளைந்த தாள்களை நோக்கினால் அப்போற்றுதலின் அழகு விளங்கும். கருவண்டுகளும் பெரிய மரத்தேனீக்களும் இம்மலரை நாடி வந்து மகரந்தத்தை எடுத்துச் செல்கின்றன.

காய் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள உருண்டைக் கோல். இளமையில் பச்சை நிறமாக இருந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்து முற்றிக் கருப்பாகும். ஆகவே இந்த ஆண்டுப் பூவும் சென்ற ஆண்டுக் காயும் ஒரே மரத்தில் சேர்ந்திருப்பதைக் காணலாம். காயின் உள்ளே குறுக்குத் தடுப்புகள் வரிசையாக அமைந்து, அறைக்கு ஒரு விதை வீதம் இருக்கும். விதையைச் சுற்றிக் கருநிறமான, இனிப்புடைய பசை உள்ளது. காட்டில் கரடி, குரங்கு, நரி முதலியவை இப்பசைக்காகக் காயை உண்டு விதைகளைப் பரப்புகின்றன.

கேரள மக்கள் சித்திரை விசுவன்று விடியலில் கண் விழிக்கும்போது முதலில் காணும் கணியில் கொன்றைப் பூவை வைப்பர். அது அம்மாநிலத்தின் மலராகும். தாய்லாந்து நாட்டின் தேசிய மலரும் கொன்றையே.

மெய்க்கொன்றையை அறியும் வகை

கொன்றை நடவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு கன்று வாங்கச் செல்லும் அன்பர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். மஞ்சள் பூ பூக்கும் மரங்கள் பலவும் இன்று கொன்றை என்னும் பெயராலேயே வழங்குகின்றன. அவற்றுள் சில வேற்று நாட்டிலிருந்து வந்தவை. பெயரை மட்டும் நம்பி வாங்கினால், சில ஆண்டுகள் நீர் ஊற்றி வளர்த்த பின்னரே அது வேறு மரம் என்பது தெரியவரும்.

சாலையோரங்களில் நிழலுக்காக நடப்படும் மஞ்சள் கொன்றை, சயாம் நாட்டின் பெயரால் சென்னா சியாமியா என்று வழங்கும் மரம். அதன் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். காய் தட்டையாக இருக்கும். பெருங்கொன்றை எனவும் இயல்வாகை எனவும் கூறப்படும் மரத்தின் பூங்கொத்தும் நிமிர்ந்தே நிற்கும். அரும்புகள் துருநிறம் உடையவை. செப்பு நிறமான தட்டைக் காய்கள் மரத்தை மூடியிருக்கும். மயிற்கொன்றை, செம்மயிற்கொன்றை என்பனவும் வேறு வேறு இனங்கள். செம்மயிற்கொன்றை மடகாசுகர் தீவிலிருந்து வந்தது.

இவை அனைத்தினும் கவனத்திற்குரியது சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மரம். கேரளத்தில் இதனையும் மஞ்சக்கொன்னை என்று அழைக்கின்றனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இம்மரம், நீலகிரி, சத்தியமங்கலம், வயநாடு ஆகிய பகுதிக் காடுகளில் பரவி, கீழே புல்லும் நம் நாட்டு மரக்கன்றுகளும் வளரவொட்டாமல் செய்துவிட்டது. யானைக்கும் மானுக்கும் உணவாகும் புல்வெளிகள் இதனால் சுருங்கின. வெட்டினாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் தழைக்கும் இயல்புடையது. அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டது. இம்மரத்தை வெட்டிக் காகிதக் கூழுக்குப் பயன்படுத்தும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. சிவபெருமானின் மரம் என்று எண்ணி இதனை நடுவோமாயின், புண்ணியம் கருதிச் செய்த செயல் காட்டிற்குக் கேடாக முடியும்.

மெய்க்கொன்றையை அறிவதற்கு மூன்று அடையாளங்கள் போதும். ஒன்று, பூங்கொத்து எப்போதும் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். இரண்டு, முற்றிய காய் கருநிறமான உருண்டைக் கோலாக இருக்கும். அசைத்தால் உள்ளே விதைகள் கலகலக்கும். மூன்று, இலையில் 3 முதல் 8 இணைப் பெரிய சிற்றிலைகளே இருக்கும். கன்றாக வாங்கும்போது பூவும் காயும் இராமையால் இலையை எண்ணிப் பார்த்தல் நன்று. பத்துக்கு மேற்பட்ட இணைகளாகச் சிறு சிறு இலைகள் நெருங்கியிருந்தால் அது பெரும்பாலும் வேறு மரமே. நன்கு அறிந்த கொன்றை மரத்தின் காயிலிருந்து நாமே விதை எடுத்து வளர்ப்பது ஐயத்திற்கு இடமில்லாத வழி.

மருந்தும் பிற பயன்களும்

ஆரக்வதம் என்னும் பெயருக்கு நோயை அழிப்பது என்று பொருள் கூறுவர். காயினுள் உள்ள கருநிறப் பசையைக் கொன்றைப்புளி என்று சித்த மருத்துவர்கள் அழைப்பர். மலச்சிக்கலைப் போக்கும் மென்மையான பேதி மருந்தாக அது நெடுங்காலமாகப் பயன்படுகின்றது. சரக சங்கிதை கொன்றைக்கென்றே தனி அத்தியாயம் ஒன்றை ஒதுக்கியுள்ளது. வன்மையான மருந்துகளைத் தாங்க இயலாத மெலிந்தவர்களுக்கும் ஏற்றது என்று அந்நூல் இதனைப் போற்றுகின்றது. படர்தாமரை போன்ற தோல் நோய்களுக்குக் கொன்றை இலையை அரைத்துப் பூசும் வழக்கமும் உண்டு.

எனினும் இம்மருந்தை எவரும் தாமாக உண்ணலாகாது. அளவு மிகுந்தால் கடுமையான வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் உண்டாகும். கருவுற்ற மகளிரும், குழந்தைகளும், பிற நோய்களுக்கு மருந்து உட்கொள்பவர்களும் தக்க மருத்துவரின் அறிவுரையின்றி இதனை நாடுதல் கூடாது. விதைகளை உண்ணவே கூடாது. கீழே கிடக்கும் காய்களைப் பிள்ளைகள் விளையாட்டாகச் சுவைத்துப் பார்க்காதவாறு பெரியவர்கள் கவனித்துக்கொள்ளல் வேண்டும்.

கொன்றையின் வைரம் பாய்ந்த கட்டை செந்நிறமும் உறுதியும் உடையது. தூண், வேளாண் கருவிகள், உலக்கை முதலியவை செய்ய உதவிற்று. பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம் பட்டைக்கு அடுத்தபடியாகக் கொன்னம் பட்டை பயன்பட்டு வந்தது. வெளிநாட்டுப் பட்டைகளும் வேதிப் பொருள்களும் பெருகிய பின்னர் அப்பயன்பாடு குறைந்தது. இன்று பூவின் அழகுக்காகவும் நிழலுக்காகவும், எல்லாவற்றினும் மேலாக வழிபாட்டிற்காகவும் இம்மரம் போற்றப்படுகின்றது.

விதையிலிருந்து கன்று

கொன்றையை விதை மூலம் வளர்ப்பதே எளிய முறை. தை முதல் பங்குனி வரையுள்ள காலத்தில் நன்கு கருத்து முற்றிய காய்களைச் சேகரிக்கவேண்டும். பூச்சி துளைத்த காய்களை நீக்கிவிடவேண்டும். காயைக் கல்லால் மெல்லத் தட்டி உடைத்து, விதைகளை நீரில் ஊறவைத்துப் பசை நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்தவேண்டும். நீரில் மிதக்கும் விதைகள் பயன்படா. நல்ல விதை தட்டையாக, பளபளப்பான செம்பழுப்பு நிறத்தில் இருக்கும்.

கொன்றை விதையின் மேல்தோல் மிகக் கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. அப்படியே விதைத்தால் ஒன்றிரண்டு மட்டும் முளைக்கும். மற்றவை மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். விதை கெட்டுப்போயிற்று என்று எண்ணிப் பலர் முயற்சியைக் கைவிடுவது இதனால்தான். இதற்கு எளிய வழிகள் இரண்டு உண்டு.

முதல் வழி: விதையின் ஓரத்தை உப்புத்தாளில் அல்லது சொரசொரப்பான கல்லில் தேய்த்து, உள்ளிருக்கும் வெளிர்நிறம் சிறிதே தெரியும்படி செய்யவேண்டும். முளை வெளிவரும் கூர்முனைப் பக்கத்தைத் தேய்க்கலாகாது. பின்னர் ஓர் இரவு நீரில் ஊறவைக்கவேண்டும். காலையில் பருத்துக் காணப்படும் விதைகளே விதைப்பதற்கு உரியவை. பருக்காதவற்றை மறுபடியும் தேய்த்து ஊறவைக்கலாம்.

இரண்டாம் வழி: விதைகள் மிகுதியாக இருப்பின், நீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதைகளை இட்டு, நீர் ஆறும் வரை விட்டு, மறுநாள் எடுத்து விதைக்கலாம். அடுப்பின்மேல் வைத்து விதையோடு கொதிக்கவிடக் கூடாது. நாற்றங்கால்களில் அமிலத்தில் நனைத்து விதைப்பதும் உண்டு. அது பயிற்சி பெற்றவர்கள் செய்யவேண்டிய முறை. வீடுகளில் முயலுதல் தகாது.

செம்மண், மணல், மட்கிய சாண எரு ஆகியவற்றைக் கலந்து நாற்றுப்பைகளில் நிரப்பி, விரற்கடை ஆழத்தில் விதையை ஊன்றவேண்டும். ஈரம் காயாமல் பூவாளியால் நீர் தெளித்து வரவேண்டும். பதப்படுத்திய விதைகள் ஒன்று முதல் மூன்று வாரங்களில் முளைக்கும். முளைத்தபின் நல்ல வெயில் படும்படி வைக்கவேண்டும். வேர் நாற்றுப்பையின் அடியைத் துளைத்து மண்ணில் இறங்காதவாறு பைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைத்தல் நலம்.

நடுதலும் காத்தலும்

கன்று ஒன்று முதல் இரண்டு அடி உயரம் வளர்ந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். செம்மண், சரளை மண், கரிசல் எனப் பெரும்பாலான நிலங்களில் கொன்றை வளரும். நீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருத்தல் வேண்டும். நிழலில் நட்ட மரம் நன்கு பூக்காது. சுவர், மதில் ஆகியவற்றிலிருந்து 15 அடியேனும் விலகி நடுதல் நன்று. மின்கம்பிகளுக்கு அடியில் நடலாகாது.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்துச் சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு மட்கிய எருவும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, நடுவில் கன்றை ஊன்றவேண்டும். அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றின் வேரில் முடிச்சுகள் உண்டாகி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துக் கொடுக்கும். கொன்றைக்கு அத்தகைய வேர்முடிச்சு இல்லை. ஆகவே தானே உரம் தேடிக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், முதல் சில ஆண்டுகள் மழைக்கு முன்னர் எரு இட்டு வருதல் அவசியம்.

முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒரு முறையோ இரு முறையோ நிறைய நீர் விடவேண்டும். பின்னர் மரம் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். ஆடு மாடுகள் இதன் தழையை அவ்வளவாக விரும்புவதில்லை. எனினும் மிதிபடாமலும் முறிபடாமலும் இருக்க வேலி தேவை. வெள்ளையும் மஞ்சளும் கலந்த ஒருவகை வண்ணத்துப்பூச்சி இளந்தழையில் முட்டையிடும். அதன் புழுக்கள் இலைகளைத் தின்றாலும் மரம் மீண்டும் தழைக்கும். அதற்காக நஞ்சு தெளிக்கவேண்டியதில்லை. உலர்ந்த கிளைகளைப் பூக்காலம் முடிந்தபின் நீக்கலாம். பூக்காலத்திற்குச் சற்று முன் கிளைகளைக் கழித்தால் அவ்வாண்டுப் பூவை இழக்க நேரும்.

விதையிலிருந்து வளர்ந்த கொன்றை பூப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகலாம். காத்திருத்தலும் இத்தொண்டின் ஒரு பகுதியே. தந்தை நட்ட மரத்தில் மகன் பூப்பறித்துப் பெருமானுக்குச் சாத்துவது நம் நாட்டில் புதிய செய்தி அன்று.

தலமரத்தைப் போற்றுதல்

கொன்றை தலமரமாக விளங்கும் திருக்கோயில்களுக்குச் செல்லும் அன்பர்கள் அம்மரத்தை வலம் வந்து வணங்குவர். அவ்வன்பு மரத்திற்குத் தீங்காகாமல் பார்த்துக்கொள்வதும் கடமையாகும். பட்டையில் ஆணி அடித்தல், பெயர் செதுக்குதல், இறுகக் கயிறு கட்டுதல் ஆகியவை மரத்தின் உயிர்நீர் ஓட்டத்தைத் தடுக்கும். வேரடியில் கற்பூரம் ஏற்றுவதால் பட்டை வெந்து புண்ணாகும். அப்புண் வழியே பூச்சியும் பூஞ்சையும் நுழையும். விளக்கு ஏற்றுவதற்கு உரிய இடத்திலேயே ஏற்றுவது நலம். அடிமரத்தைச் சுற்றித் தளம் இட்டு மூடினால் மழைநீர் வேருக்குச் செல்லாது. மேடை அமைப்பவர்கள் மரத்தைச் சுற்றிச் சில அடியேனும் மண்ணைத் திறந்து விடவேண்டும்.

முதிர்ந்த தலமரத்தின் விதையிலிருந்து கன்றுகள் எழுப்பி வைத்துக்கொள்வது அறிவுடைமையாகும். பழைய மரம் என்றேனும் புயலிலோ முதுமையிலோ வீழ்ந்தால், அதன் வழித்தோன்றலே அவ்விடத்தில் நிற்கும். இத்தொண்டில் ஈடுபட விரும்பும் அன்பர்கள் திருக்கோயில் நிர்வாகத்தினரின் இசைவைப் பெற்றே காய் சேகரித்தலும் கன்று நடுதலும் செய்யவேண்டும்.

மலர் கொய்து சாத்துதல்

மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நான்கு வகையாகப் பகுப்பர். மரக்கிளையில் பூப்பதால் கொன்றை கோட்டுப்பூ. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, இந்நால்வகைப் பூக்களையும் கொய்து வந்து, விதவிதமான மாலைகளாகத் தொடுத்து, திருவைந்தெழுத்தை ஓதிச் சாத்தினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. மலர்த்தொண்டு செய்வோர்க்கு அவரே வழிகாட்டி.

கொன்றை மலரைக் காலையிலேயே கொய்தல் வேண்டும். வெயில் ஏறினால் இதழ்கள் சோர்ந்துவிடும். கிளையை ஒடிக்காமல் சரத்தின் காம்பை மட்டும் கத்தரித்து எடுக்கவேண்டும். ஒரு மரத்திலுள்ள பூ முழுவதையும் பறித்துவிடாமல் வண்டுகளுக்கும் விதைக்குமாகப் பெரும்பகுதியை மரத்திலேயே விட்டுவிடுதல் முறை. தரையில் உதிர்ந்த பூக்களைச் சாத்தும் வழக்கம் இல்லை. பறித்த சரங்களை நனைந்த வாழையிலையில் பொதிந்து, தாமதமின்றித் திருக்கோயிலில் சேர்க்கவேண்டும். எந்தச் சந்நிதியில் எப்பொழுது சாத்துவது என்பதை அத்திருக்கோயில் வழக்கப்படி சிவாசாரியார் முடிவு செய்வார்.

திருப்பணிகள் பலவற்றிற்குப் பொருள் வேண்டும். கொன்றை நடும் பணிக்கு ஒரு காயும், ஒரு கைப்பிடி எருவும், சில ஆண்டுப் பொறுமையும் போதும். வீட்டின் முற்றத்தில் இடமுள்ளோர் முற்றத்தில் நடலாம். இடமில்லாதோர் ஊர்ப் பொதுவிடத்திலோ பள்ளி வளாகத்திலோ உரியவர்களின் இசைவோடு நடலாம். வரும் பங்குனியில் முற்றிய காய் ஒன்றைத் தேடி எடுத்து, விதைகளைப் பக்குவம் செய்து, நான்கு கன்றுகளேனும் எழுப்ப ஒவ்வோர் இல்லத்தாரும் முன்வருவாராக. அவை பூக்கும் சித்திரையில் அவ்வழியே செல்வோர் யாவரும் கொன்றை சூடிய பெருமானை நினைந்து ஒரு கணம் நிற்பர். அந்நினைவைத் தந்த தொண்டு நம்முடையதாகட்டும்.

திருச்சிற்றம்பலம்.